சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றுக்குப் போகாத வருஷம்

விளாத்திகுளத்துக்காரர்களுக்குச் சித்ரா பௌர்ணமி என்றால் வைப்பாறுதான். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சித்திரையில் பெரும்பாலும் ஓடாது. மணல் கிடந்தால் போதும். பொழுது சாய்ந்ததும் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு என்று தூக்குச்சட்டிகளில் அடைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். பகலெல்லாம் கரிசல் தகித்த தகிப்புக்கு அந்த மணலின் குளிர்ச்சி உடம்பில் ஏறும்போது ஒரு சுகம் வரும் பாருங்கள், அதற்காகவே வருஷம் பூராவும் காத்திருப்போம். பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தூக்கமே கிடையாது.

1977-ல் எனக்கு ஒன்பது வயது. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. பௌர்ணமி நெருங்குகிற நேரத்தில் ஒரு ராத்திரி உடம்பு கொதித்தது. விடிந்து பார்த்தால் முதுகில் ரெண்டு மூன்று நீர்க்கொப்புளம். ஆச்சி என்னை வெளிச்சத்துக்கு இழுத்து, குனிந்து பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் ரெண்டு கையையும் குவித்தாள். "தாயி முத்துப் போட்டிருக்கா. எல்லாரும் தள்ளி இருங்க" என்றாள். அவ்வளவுதான், வீட்டின் சட்டதிட்டமெல்லாம் அந்த நிமிஷத்திலிருந்து அவள் கைக்குப் போய்விட்டது.

வாசல் நிலையில் வேப்பங்குழை சொருகினார்கள். அதைப் பார்த்தவுடன் தெருவில் உள்ளவர்கள் படியேற மாட்டார்கள். பால்காரர் திண்ணையில் இருந்த செம்பில் ஊற்றிவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போனார். அழுக்குத் துணி வெளுப்புக்குப் போகவில்லை. அடுப்பில் தாளிப்பு நின்றது. அம்மா கடைக்குப் போகவில்லை, அய்யா மட்டும் போய்வந்தார். அவருக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டு இறங்கியிருந்தது. எனக்கு வெள்ளை வேட்டியில் வேப்பிலை பரப்பிய படுக்கை. அரிப்பு தாங்காமல் கை முதுகுக்குப் போனால் ஆச்சி பிடித்துக்கொள்வாள். வேப்பங்கொழுந்தை ஒரு பிடி கட்டாகக் கட்டி வைத்திருந்தாள். அதைக்கொண்டு மேலிருந்து கீழாக, தொட்டும் தொடாமலும் தடவிவிடுவாள். நகம் பட்டால் புண்ணாகும், புண் பழுத்தால் தழும்பாகும். அதை அவள் எனக்கு அப்படியெல்லாம் விளக்கவில்லை. "பிறாண்டினா ஆத்தாவுக்குக் கோவம் வரும்" என்பாள். ராத்திரி பூராவும் உட்கார்ந்து தடவியவள் அவள். என் முகத்தில் இன்றைக்கு ஒரு குழிகூடக் கிடையாது.

பௌர்ணமி அன்றைக்குச் சாயங்காலம் அய்யாதான் பேச்சை எடுத்தார். அவர் பேப்பர் படிக்கிறவர், ஓட்டு வீட்டின் புழுக்கத்தில் நான் துவண்டு கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. "ராத்திரிதானே அத்தை. காத்தாட ஆத்துமணல்ல ஒரு ஓரமா படுக்கப் போட்டுக்கிடலாம். உள்ள கிடந்தா பிள்ளைக்குக் காந்தல் கூடத்தான் செய்யும்."

"ஓரம் எங்க இருக்கு மாப்பிள்ள, சித்ரா பௌர்ணமிக்கு? ஊர்ப் பிள்ளைகள் பூரா அங்கதான் புரளும்."

"வெட்டவெளியில ஒட்டாது அத்தை."

"பிள்ளை படுத்த இடத்துலயே படுத்துக்கிடுமா? நெலாவப் பாத்ததும் எந்திச்சு ஓடும். ஒங்க பிள்ளைக்குக் காத்து வேணும், சரி. மத்தவங்க பிள்ளைக்கு?"

அய்யா பேசவில்லை. நான் அழுதேன். அழுது என்ன செய்ய? ஆச்சி அம்மாவைக் கூப்பிட்டு நார்க்கட்டிலைப் புறவாசலுக்குத் தூக்கச் சொன்னாள். தொழுவை ஒட்டி வேப்பமரம். அதன் அடியில் கட்டில் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். இலை வழியாக நிலா. தெருவில் ஆற்றுக்குப் போகிறவர்களின் பேச்சுச் சத்தம், தூக்குச்சட்டி மூடிகள் உரசுகிற சத்தம். எனக்குக் கம்பங்கூழும் மோரும். உள்ளே இருந்ததைவிட அங்கே உடம்புக்கு எவ்வளவோ தேவலையாக இருந்தது, அரிப்புகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சை நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ரெண்டு பேர் சொன்னதும் சரி. அம்மை கண்ட பிள்ளையை வெளியே கூட்டிப்போகலாமா என்று எந்தத் தாய் கேட்டாலும் அதற்குள் ரெண்டு கேள்வி இருக்கிறது. பிள்ளைக்குக் காற்று வேண்டுமா என்பது ஒன்று. பிள்ளை ஆள்களுக்கு நடுவே போகலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம். ரெண்டாவதற்கு இல்லவே இல்லை. நம் வீடுகளில் பாதிப் பேர் ரெண்டையும் சேர்த்துக் குழப்பி, பிள்ளையை ஜன்னல்கூடத் திறக்காத இருட்டறையில் அடைத்துப் போடுகிறார்கள்; மீதிப் பேர் காய்ச்சல் விட்டதும் கல்யாண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

சின்னம்மைக்கு ஒரு குணம் உண்டு. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது அடுத்தவருக்கு ஒட்ட ஆரம்பித்துவிடும். "ஒட்டுகிறதெல்லாம் முன்னமே ஒட்டியிருக்கும், இப்போது அடைத்துவைத்து என்ன பிரயோஜனம்" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. கடைசிக் கொப்புளமும் வற்றிப் பொருக்குத் தட்டும்வரை அது ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்; பெரும்பாலும் தடிப்புக் கண்டதிலிருந்து அஞ்சு நாள், ஏழு நாள் ஆகும், சிலருக்குக் கூடவும் ஆகலாம். இருமலில் தும்மலில் போகும், கொப்புளத்து நீரில் போகும். ஒட்டினவருக்கு உடனே தெரியாது. 10-லிருந்து 21 நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் ஆற்றுமணலில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாமலே போகிறது.

அந்தப் பௌர்ணமிக்கு எங்கள் சித்தி வேம்பாரிலிருந்து வருவதாக இருந்தது. சித்திக்கு அப்போது மாசம். அன்றைக்கு மத்தியானமே அய்யா பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று, சித்தியை இறங்கிய கையோடு மாமா வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். எங்கள் வாசல் பக்கமே வரவிடவில்லை. சித்திக்கு வருத்தம், பிள்ளையைப் பார்க்காமல் போகிறோமே என்று. சின்னம்மை பிள்ளைகளைப் பெரும்பாலும் லேசாகத்தான் தொட்டுவிட்டுப் போகும். முன்னே கண்டிராத வளர்ந்தவர்களுக்கு வந்தால் நுரையீரல்வரை போய்விடலாம். மாசமாக இருக்கிறவளுக்கு வந்தால் தாய்க்கும் கஷ்டம், முதல் அஞ்சு மாதத்துக்குள் என்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் சிலசமயம் கேடு. பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த சிசுவின் உயிருக்கே ஆபத்து. அம்மை போட்ட பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவளுக்கு, பக்கத்து சீட்டில் இருப்பவள் எத்தனை மாதம் என்று எப்படித் தெரியும்?

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அடுத்த பஞ்சாயத்து. இந்தத் தடவை ஆச்சி புறப்படச் சொன்னாள், அய்யா மறித்தார். இருக்கன்குடிக்கு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறாள் அந்த மாரியம்மன். அங்கிருந்து இறங்கி வருகிற ஆறுதான் எங்கள் ஊரையும் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அம்மை கண்டவர்களைக் கோயிலிலேயே கொண்டுபோய்த் தங்கவைத்துத் தீர்த்தம் கொடுத்து இறக்கிக் கூட்டிவருகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆச்சியின் நம்பிக்கையை நான் குறைவாகப் பேச மாட்டேன். அவள் காலத்தில் டாக்டர் எங்கே இருந்தார், மருந்து எங்கே இருந்தது? கும்பிடத் தாய் ஒருத்தி இருந்தாள், சுற்றிலும் தன்னைப்போலவே அம்மை கண்டவர்கள் இருந்தார்கள்; ஊருக்குள் இல்லாமல் ஆற்றங்கரையில் இருந்தார்கள். கூண்டு வண்டியில் வேப்பிலை கட்டிப் போவார்களாம். வழியில் வேறு யாரும் அந்த வண்டியில் ஏற மாட்டார்கள். அது ஒரு நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆனால் 1977-ல் கூண்டு வண்டி போய் பஸ் வந்துவிட்டது. எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் என்று மாறிப் போக வேண்டும். நின்றுகொண்டு வருகிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், ஜன்னல் ஓரத்தில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள். அய்யா சொன்னார்: "பொருக்கு பூரா உதிரட்டும் அத்தை. ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போவோம். ஆத்தா எங்கயும் போயிரமாட்டா." ஆச்சி அரை மனசோடு சம்மதித்தாள். ஆடியில் போனோம். மாவிளக்கு வைத்தாள். மூணாம் நாள் போயிருந்தால் கிடைக்காத ஏதோ ஒன்று எனக்குக் குறைந்துபோனதாக அவளும் சொல்லவில்லை.

ஆச்சியின் பயத்துக்குக் காரணம் வேறே. அவள் கண்டது பெரியம்மை. அவளுக்குக் கன்னத்திலும் மூக்கிலும் வடு உண்டு. அவளோடு பிறந்த ஒரு தம்பி அதில் போய்விட்டான். அவனை ஊருக்கு வெளியே காட்டில் ஒரு ஓலைக்குடிசையில் வைத்திருந்தார்கள் என்றும், முன்னமே அம்மை கண்டு பிழைத்த ஒரு கிழவி மட்டும் கஞ்சி கொண்டுபோவாள் என்றும் சொல்வாள். தம்பி பேரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். அவள் எனக்குக் காவல் இருந்தது அந்தத் தம்பிக்காகவும்தான்.

அதே 1977 ஏப்ரலில்தான் இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று பன்னாட்டு நிபுணர் குழு சான்று கொடுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் செய்தி அப்போது தெரியாது; நான் பிற்பாடு டீச்சர் ட்ரெய்னிங்கில் படித்ததுதான். கடைசி நோயாளி சைபன் பீபி என்ற பெண். அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் கிடந்தவள். 1975 மே 24-ல் அவளுக்குத் தடிப்பு கண்டது. யோசித்துப் பாருங்கள், வீடு வாசல் இல்லாதவளுக்கு எந்த நிலையில் வேப்பிலை சொருகுவது? அவள் வெளியில்தான் இருந்தாக வேண்டும், அதுவும் ரயில் வந்துபோகிற இடத்தில். அவளைத் தனியே வைத்துப் பார்த்து, அவளோடு பழகியிருக்கக்கூடிய ஆள்களையெல்லாம் தேடிப்பிடித்து அம்மை குத்தினார்கள். அதோடு அந்தச் சங்கிலி அறுந்தது. அந்த நாள்களில் வடக்கே அம்மை கண்ட வீட்டு வாசலில் ராப்பகலாகக் காவலுக்கு ஆள் போட்டார்களாம். வீட்டுக்குள் இருக்கிறவர் வெளியே போகாமல் பார்ப்பது, வருகிறவருக்கு ஊசி போடாமல் உள்ளே விடாதிருப்பது. நோய் இருக்கும் இடத்தைச் சொல்கிறவருக்கு 1,000 ரூபாய்வரை பரிசு. எங்கள் ஆச்சி பரிசும் காவலும் இல்லாமல் ஒரு கொத்து வேப்பிலையால் செய்ததை, அங்கே அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்திருக்கிறது.

சட்டமும் இருக்கத்தான் செய்கிறது. 1939-ல் சென்னை மாகாணத்தில் போட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய் கண்டவர் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆள்கள் கூடும் இடத்துக்கும் போய் மற்றவர்களுக்கு நோயைப் பரப்பக் கூடாது, பொது வண்டியில் ஏறக் கூடாது என்கிறது. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. நான் பார்த்த தாய்மார் யாரும் அடுத்த பிள்ளைக்குக் கெடுதல் நினைத்து வெளியே கூட்டிவந்தவர்கள் இல்லை.

நான் வாத்தியார் வேலைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள்தான். மாசி, பங்குனி வந்தாலே எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற அம்மை கிளம்பும். சரியாக அதே நேரத்தில் முழுப் பரீட்சை. முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பட்டன் மாட்டி, முகத்தில் மஞ்சள் பூசி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். "பரீட்சைய மட்டும் எழுதிட்டு வந்துருவான் டீச்சர்" என்று வாசலில் நின்று கெஞ்சுவார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைக்குப் பரீட்சை போனால் ஒன்றும் முழுகிவிடாது, பிற்பாடு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் பக்கத்து வகுப்பு டீச்சர் மாசமாக இருந்தார். அந்தப் பங்குனி பூராவும் வாசலில் நின்று பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

மணல்வாரி என்கிற தட்டம்மை இதைவிட மோசம். ஊசி போடாத பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் 12 பேர், 18 பேர் என்று பிடிக்கும். அந்தப் பிள்ளை அறையைவிட்டுப் போன பிறகும் ரெண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கும். தடிப்பு கண்ட பின் நாலு நாளாவது வீட்டில் வைத்தாக வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி 9 மாதத்திலிருந்து 15 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பல பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினேன். அந்த ஊசிக்குப் பிறகு என் வகுப்பில் மணல்வாரியை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதும் வெளியே போவதுதான். இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை கைக்குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். அன்றைக்குப் பார்த்து அம்மைப் பிள்ளையைக் கூட்டிப்போய் அதே பெஞ்சில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? பிள்ளை மூச்சுக்குத் திணறினால், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாமல் சோர்ந்து கிடந்தால், எழுப்பினாலும் முழிக்காமல் அசந்தால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் நேரம் காலம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஆத்தா கோபிப்பாள் என்று தயங்கவே கூடாது. மற்றபடிக்கு முதலில் போன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை வேப்பமரத்தடியில் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஒரு ஆள் உள்ளே போய்ச் சொல்லுங்கள். என் தம்பி மகளுக்கு அம்மை போட்டபோது அப்படித்தான் செய்தோம். டாக்டர் அம்மா வெளியே இறங்கி வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயசானவர்களுக்கு இடுப்பில் பட்டையாகக் கொப்புளம் வருமே, அக்கி, அதுவும் சின்னம்மைக் கிருமிதான். சின்ன வயதில் வந்த அம்மை நரம்பில் ஒளிந்து கிடந்து, உடம்பு தளர்ந்த காலத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. எங்கள் ஆச்சிக்கு வந்தது. வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவியில் அக்கி எழுதினோம். பேத்தி பேரன்களை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அங்கே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கொப்புளத்து நீர் பட்டால் அம்மை காணாத பிள்ளைக்கு அம்மை வரும். எழுதுகிற இடத்துக்குக் கைப்பிள்ளையைக் கூட்டிப்போகாதிருந்தால் போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஊருக்குச் சொல்லிவந்த எனக்கு, பதில் சொல்லத் தெரியாமல் நின்ற நாளும் ஒன்று உண்டு. மிளகாய்ப் பழம் எடுக்கிற காலம். வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வரவில்லை. அம்மை என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு புஞ்சைக்கே போனேன். களத்தில் சிவப்பாகப் பரப்பிக் கிடந்த மிளகாய் நெடி தொண்டையைக் கமறியது. களத்துக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில் சாக்கு விரித்துப் படுத்துக்கிடந்தாள் பிள்ளை. மூஞ்சியெல்லாம் கொப்புளம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு கொத்து வேப்பிலை. அவளே தன்னை விசிறிக்கொண்டிருந்தாள்.

தாய்க்காரி மடியில் மிளகாயோடு ஓடி வந்தாள். "திட்டாதீங்க டீச்சர். வீட்டுல போட்டுட்டு வந்தா தண்ணி குடுக்க ஆள் யாரு? நான் நின்னுட்டா அடுத்த வாரத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

என்ன சொல்ல? திறந்த புஞ்சை, நிழல், ஆள்களுக்குத் தள்ளி ஒரு இடம். யாருக்கும் அங்கே ஒட்டப்போவதில்லை. அந்த அளவுக்கு அவள் சரியாகத்தான் யோசித்திருந்தாள். தொந்தரவு அங்கே போய்வருகிற வழியில் இருந்தது. விடிகாலையில் ஒரு லோடு ஆட்டோவில் அத்தனை பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒருத்தி தலைப்பிள்ளைக்காரி, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. எங்கள் வீட்டு வேப்பிலைக்குப் பின்னால் ஆச்சி என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அதனால் அது பலித்தது. பூட்டிய வீட்டில் அதைச் சொருகி யாருக்கு லாபம்?

அங்கேயே பெண்களைக் கூட்டிவைத்துக் கேட்டேன், உங்கள் தெருவில் வேலைக்கு வராமல், முன்னமே அம்மை கண்ட ஆள் யார் இருக்கிறார்கள் என்று. ஒருமுறை கண்டவர்களுக்குப் பெரும்பாலும் திரும்ப வராது. ஒரு பெரியம்மா பேரைச் சொன்னார்கள். ராத்திரியே போய்ப் பேசினோம். "மத்தியானச் சோறும் வெத்தல பாக்கும் குடுத்தாப் போதும், பிள்ளையக் கொண்டாங்க" என்றாள். அந்தச் செலவை ஆட்டோவில் வருகிற பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மிளகாய் எடுப்பு முடிவதற்குள் அந்தத் தெருவில் இன்னும் சில பிள்ளைகளுக்கு அம்மை போட்டது. எல்லோரும் அந்தப் பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில்தான் பகலில் கிடந்தார்கள். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சின்னம்மைக்கு ஊசி இருக்கிறது. அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போடுகிற பட்டியலில் அது இன்னும் சேரவில்லை. தனியாரிடம் ஒரு ஊசிக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும், ரெண்டு ஊசி போட வேண்டும். மிளகாய் எடுக்கிறவள் எங்கே போவாள்? அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நான் பேசுகிற கூட்டத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது வரும்வரை தை முடிந்து மாசி பிறந்ததும் வகுப்பில் நான் செய்கிற முதல் வேலை, யார் வீட்டில் பகலில் ஆள் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று பிள்ளைகளிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது. ஆள் இல்லாத பிள்ளைகளின் தெருவில் அம்மை கண்டு எழுந்த ஒரு பெரியம்மாவை முன்கூட்டியே தேடிப்பிடித்துச் சொல்லிவைத்துவிடுகிறேன்.